ஆய்வு முடிவை அங்கன்வாடிக்குக் கொண்டுவருவது எப்படி? வட்டார அளவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கையேடு

அங்கன்வாடிகளுக்கென்று மாவட்டத்துக்குக் கொஞ்சம் பணம் வருகிறது. கலெக்டர் நிதியாக இருக்கலாம், ஏதாவது கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணமாக இருக்கலாம். உடனே ஒரு கூட்டம் போடுவார்கள். "எங்கேயாவது நல்லா நடந்த திட்டம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேள்வி வரும். ஒருவர் ஏதோ ஆய்வின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் பக்கத்து மாவட்டத்தில் பார்த்ததைச் சொல்வார். கடைசியில் சுவரில் படம் வரைந்து, குட்டி நாற்காலி வாங்கிப் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அதனால் என்ன ஆனது என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர்கள், மேற்பார்வையாளர்கள், அவர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். ஓர் ஆய்வை எப்படிப் படிப்பது, அது நம் ஊரில் பலிக்குமா என்று எப்படிப் பார்ப்பது, செய்தபின் எதை அளப்பது என்பவைதான் விஷயம். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலிருந்தே வருகின்றன. இங்கே அதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன.

முதலில் கேள்வி, பிறகுதான் திட்டம்

"குழந்தைகள் நலன் மேம்பட வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு எந்த ஆய்வையும் தேட முடியாது. எந்த வயது, எந்த இடம், எந்த ஒரு விஷயம், இப்போது எவ்வளவு, எப்போதைக்குள் எவ்வளவு ஆக வேண்டும் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். "எங்கள் வட்டாரத்து மையங்களில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை, பாட்டு, எண் என்று சொல்லிக்கொடுக்கும் நேரம் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம்? அடுத்த ஏப்ரலுக்குள் அதை இரட்டிப்பாக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டால் தேடலாம்.

வயதைக் கலந்து எழுதுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. உயரக்குறைவு (வயதுக்கேற்ற உயரமின்மை) பெரும்பாலும் கருவிலிருந்து இரண்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளை மையத்துக்கு வந்து உட்காருவதில்லை. வீட்டில்தான் இருக்கிறது, சத்துமாவுப் பொட்டலம்தான் வீட்டுக்குப் போகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு மையத்தில் செய்யும் ஏற்பாட்டைக் காட்டி, வட்டாரத்தின் உயரக்குறைவு விகிதம் குறையும் என்று முன்மொழிவில் எழுதினால், அந்த முன்மொழிவு எழுதும்போதே தோற்றுவிட்டது.

கையில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் உயரக்குறைவு 25.0 சதவீதம், உயரத்துக்கேற்ற எடையின்மை 14.6, வயதுக்கேற்ற எடையின்மை 22.0 என்கிறது. முந்தைய சுற்றில் இவை 27.1, 19.7, 23.8. மாவட்ட எண்ணும் கிடைக்கும். வட்டார எண் அதில் கிடையாது. மாவட்டச் சராசரியை எடுத்து நம் வட்டாரத்தின் மேல் ஒட்டக் கூடாது.

வட்டார அளவில் நம்மிடம் இருப்பது பணியாளர்கள் மாதாமாதம் எடுக்கும் எடையும் உயரமும். அங்கன்வாடிகளுக்கான மத்திய அரசின் ஆப்பான போஷான் டிராக்கரில் ஏறும் எண்களும் அவைதான். அவற்றை நம்பலாமா என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 100 பிள்ளைகளின் உயரத்தை எடுத்துக்கொண்டு கடைசி இலக்கத்தை, அதாவது மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். 0 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஏறக்குறைய பத்துத் தடவை வர வேண்டும். 0, 5 இரண்டும் சேர்ந்து 20 சொச்சம் வந்தால் சரி. 40, 50 என்று வந்தால் கண்ணளவில் முழுமையாக்கி எழுதுகிறார்கள். அதற்கும் மேலே போனால் பல பிள்ளைகளை அளக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். அடுத்தது, போன மாத எடையும் இந்த மாத எடையும் அச்சாக ஒன்றாக இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு மையத்தில் பாதிப்பேருக்கு அப்படி இருந்தால் அது எடை இல்லை, நகல்.

பணியாளரைத் திட்டுவதற்கு முன்னால் கருவியைப் பாருங்கள். தெரிந்த எடை ஒன்றை (சீல் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை போதாது, எடைக்கல் வேண்டும்) தராசில் வைத்துப் பாருங்கள், 100 கிராமுக்கு மேல் விலகினால் தராசை மாற்றுங்கள். உயரம் எடுக்கும்போது கொண்டை, பூ, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், அதற்கு மேலே நிற்க வைத்து. மாற்றி அளந்தால் சுமார் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். இது சின்ன எண்ணாகத் தெரியலாம். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 24 மாத ஆண்பிள்ளையின் நடு உயரம் 87.1 செ.மீ., உயரக்குறைவுக் கோடு 81.0. இரண்டுக்கும் இடையே இருப்பதே 6 செ.மீ.தான். ஒரு செ.மீ. தவறினால் அந்தத் தூரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். வயதும் அப்படித்தான். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை மாதம் முக்கால் செ.மீ. வளர்கிறது. பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழிலிருந்தோ, பிக்மி (கர்ப்பிணிகள், குழந்தைகள் பற்றிய மாநில அரசின் கணினிப் பதிவு) பதிவிலிருந்தோ எடுங்கள். வாய்மொழித் தேதி வேண்டாம்.

ஐந்து மையங்களில் மையத்துக்குப் பத்துப் பிள்ளைகளை மேற்பார்வையாளர் அதே நாளில் மறுபடி அளக்கட்டும், முதல் எண்ணைப் பார்க்காமல். இருவர் அளவும் உயரத்தில் 7 மி.மீ., எடையில் 100 கிராமுக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி மீறினால் எந்தப் புதிய திட்டத்துக்கும் முன்னால் அளக்கும் பயிற்சிதான் முதல் வேலை.

ஆய்வைப் படிக்கும்போது எதைத் தேடுவது?

பெரிய எண்ணைத் தேடாதீர்கள். "யாரோடு ஒப்பிட்டார்கள்?" என்று முதலில் கேளுங்கள். திட்டம் வந்த பின் எண் உயர்ந்தது என்பது மட்டும் சான்றாகாது. தன்னார்வலர்கள் மாலை வகுப்பு நடத்திய அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி இதற்கு நல்ல பாடம். கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்ததன் விளைவைப் பார்க்கத் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. 2021 டிசம்பரில், 2019ல் அதே வயதில் இருந்தவர்களைவிடப் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு சுமார் 24 சதவீதம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மட்டும் முன்னும் பின்னும் சோதித்திருந்தால் முழு மீட்சியையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள். கால் பங்கு என்பது சாதாரண விஷயமில்லை, அந்தச் செலவுக்கு அது நல்ல பலன். ஆனால் முக்கால் பங்கு வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது, பெரும்பாலும் பள்ளி திறந்ததிலிருந்து.

அடுத்த கேள்வி: சரியாக எதைச் சேர்த்தார்கள்? தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் நடத்திய ஆய்வை எடுத்துக்கொள்வோம். நான்கு மாவட்டங்களில் 320 மையங்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களில், முன்பருவக் கல்விக்கென்று அரை நேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். ஸ்மார்ட் டிவியோ புதுப் பாடத்திட்டமோ இல்லை, ஓர் ஆள். முன்பருவக் கல்வி நடந்த நேரம் இரட்டிப்பானது. 18 மாதத்துக்குப் பின், தொடர்ந்து பதிவில் இருந்த பிள்ளைகளை மையத்தில் சோதித்தபோது கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் (standard deviation, மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) முன்னேற்றம். அந்தப் பிள்ளைகளிடையே உயரக்குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்திருந்தன (பதிவில் தொடர்ந்தவர்களிடையே மட்டும், இது வட்டாரத்தின் விகிதம் இல்லை).

திட்ட விலக்கத்தைக் கூட்டத்தில் அப்படியே சொன்னால் யாருக்கும் விளங்காது. இப்படிச் சொல்லுங்கள்: 100 பிள்ளைகளைக் கடைசியிலிருந்து வரிசையாக நிறுத்தினால் நடுவில், 50வது இடத்தில் நிற்கும் பிள்ளை, 0.29 முன்னேறினால் 61வது இடத்துக்கும், 0.46 முன்னேறினால் 68வது இடத்துக்கும் வந்துவிடும்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போயும் சோதித்தார்கள். அதில் முன்னேற்றம் கணக்கில் 0.13, மொழியில் 0.10. அதாவது முறையே 55, 54வது இடம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? சோதனை நாளன்று மையத்தில் இருக்கும் பிள்ளை அடிக்கடி வருகிற பிள்ளை. வீட்டில் பிடிபடும் பிள்ளைகளில் பலர் வருவதைக் குறைத்திருப்பார்கள், தனியார் எல்.கே.ஜி.க்கு மாறியிருப்பார்கள். இரண்டு எண்ணும் உண்மை, ஆனால் வெவ்வேறு கேள்விக்கு. "வருகிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?" என்றால் முதல் எண். "ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து என்ன கிடைக்கும்?" என்றால் இரண்டாவது. நிதி கேட்கும் முன்மொழிவில் முதல் எண்ணை மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் போடுங்கள், பிறகு யாரும் வந்து மடக்க முடியாது.

படிக்கும்போது கவனிக்க இன்னொன்று: பலன் எந்த வழியாக வந்தது? இந்த ஆய்வில் புது ஆள் வந்ததும் பழைய பணியாளர் பாடம் நடத்தும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு ஊட்டச்சத்து, சுகாதார வேலைக்கு நேரத்தைத் திருப்பினார். கல்விக்காக வந்த ஆளால் எடை, உயரத்தில் மாற்றம் தெரிந்ததற்கு இது பொருத்தமான விளக்கம். பழைய பணியாளரின் நேரத்தை மிச்சப்படுத்தியதுதான் இந்தத் திட்டத்தின் பாதி பலம்.

அங்கே நடந்தது இங்கே நடக்குமா?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடே ஒரு பாடம் தந்திருக்கிறது. 1980ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்ப்பது, வளர்ச்சி தடைப்படும் பிள்ளைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு, தாய்க்கு ஊட்டும் முறை பற்றிய அறிவுரை. கடும் ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது. இதை மாதிரியாக வைத்து 1995ல் வங்கதேசத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை.

பின்னால் நடந்த மதிப்பீடுகள் காரணத்தைத் தேடின. வங்கதேசக் கிராமங்களில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். மாமியாரோடு சேர்ந்து வாழும் வீட்டில் யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்பது மாமியார் கையில். அறிவுரையோ தாய்க்குப் போனது. தாய்க்குத் தெரிந்தது, ஆனால் தட்டு அவள் கையில் இல்லை. கூடுதல் உணவும் சில வீடுகளில் பிள்ளையின் வழக்கமான சாப்பாட்டுக்குப் பதிலாகிவிட்டது, சில வீடுகளில் மற்றவர்களுக்குப் போனது.

ஆக, ஓர் ஆய்வை எடுத்துவரும்போது திட்டத்தின் பெயரை எடுத்துவந்தால் போதாது. அது எதன்மேல் நின்றதோ அந்தத் தாங்குதூண்களையும் பட்டியலிட வேண்டும். ஒரு தாளை நெடுவாக்கில் மடியுங்கள். இடப்பக்கம் "இது நடந்தால் அது நடக்கும்" என்று ஒவ்வொரு படியாக எழுதுங்கள். வலப்பக்கம் அந்தப் படி நம் வட்டாரத்தில் உண்மையா, எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். கூடுதல் பணியாளர் திட்டத்துக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஆள் கிடைப்பார். (அந்த ஊரிலேயே, அந்தச் சம்பளத்துக்கு? மூன்று மைல் தள்ளி இருப்பவர் மழைக்காலத்தில் வருவாரா?)

அவர் வந்தால் பழைய பணியாளரும் மையத்தில் இருப்பார். (காலிப் பணியிடம் எத்தனை? இரண்டு மையத்துக்கு ஒருவரே கூடுதல் பொறுப்பில் இருந்தால், புது ஆள் கூடுதல் ஆள் ஆகமாட்டார். இல்லாத ஆளின் இடத்தை நிரப்புவார்.)

இருவரும் இரண்டு வேலை பார்க்க இடம் இருக்கும். (ஒரே அறை, அதிலேயே சமையல் புகை என்றால்?)

புது ஆளை வேறு வேலைக்கு இழுக்க மாட்டார்கள். (பதிவேடு, ஆப், கணக்கெடுப்பு, விழா ஏற்பாடு.)

பிள்ளைகள் வருவார்கள், தங்குவார்கள். (காலை 10 மணிக்கு எத்தனை பேர், முட்டை கொடுத்த பின் எத்தனை பேர்?)

இதில் இரண்டாவது படியில்தான் தமிழ்நாட்டில் பல வட்டாரங்கள் தடுக்கி விழும். காலிப் பணியிடம் நிறைய உள்ள வட்டாரத்தில் "கூடுதல் ஆள்" ஆய்வைக் காட்டிப் பணம் கேட்பதைவிட, இருக்கும் பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்பதே நேர்மையான வேலை. வலப்பக்கத்தில் "தெரியாது" என்று வரும் இடங்களுக்கு மட்டும் களத்துக்குப் போங்கள். மேசையில் உட்கார்ந்து "ஆம்" என்று டிக் அடித்தால் இந்தத் தாளால் பயனில்லை.

எல்லா மையத்துக்கும் பணம் இல்லாதபோது

120 மையங்கள், பணம் 40க்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கம் என்ன? நன்றாக நடக்கும் 40 மையங்களைத் தேர்ந்தெடுப்பார்கள், "மாதிரி மையம்" என்று போர்டு வைப்பார்கள். ஓராண்டு கழித்து அந்த 40ம் மற்ற 80ஐவிட நன்றாக இருக்கும். அவை முன்பும் அப்படித்தான் இருந்தன.

குலுக்கல்தான் நல்ல வழி. யாருக்கும் மனத்தாங்கலும் வராது, ஒப்பீடும் சுத்தமாக இருக்கும். கட்டடம் இடியும் நிலையில் உள்ளவை, பணியாளர் இல்லாதவை போன்ற மையங்களைக் குலுக்கலுக்கு முன்பே பட்டியலிலிருந்து நீக்குங்கள். குலுக்கிய பின் எதையும் மாற்றக் கூடாது. மேற்பார்வையாளர்களின் பகுதி வாரியாகச் சீட்டைப் பிரியுங்கள். ஐந்து பகுதி, பகுதிக்கு 24 மையம் என்றால் ஒவ்வொன்றிலும் 8. மாதாந்திரக் கூட்டத்தில், எல்லாப் பணியாளர் முன்னிலையிலும், வேறு துறை ஆள் ஒருவரைக் கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த வரிசையையே அடுத்த ஆண்டு பணம் வந்தால் யாருக்கு என்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

குலுக்கலுக்கு வராத விஷயங்கள் உண்டு. துணை உணவு சட்டப்படி உரிமை: 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக எந்தப் பிள்ளைக்கும் இதை நிறுத்தக் கூடாது. அளக்கும்போது ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளையின் மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே வந்தாலோ, இரு கால் பாதமும் வீங்கியிருந்தாலோ, அந்த மையம் திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆய்வு கெடுமே என்று யாராவது யோசித்தால் அவரை அந்த வேலையிலிருந்து மாற்றுங்கள்.

இனி, பலரும் தவறவிடும் கணக்கு. எத்தனை பிள்ளைகள் என்பதைவிட எத்தனை மையங்கள் என்பதே முக்கியம். ஒரே மையத்துப் பிள்ளைகள் ஒரே பணியாளரிடம் இருப்பவர்கள், ஒரே ஊரில் வளர்பவர்கள். ஒருவரைப் போலவே இன்னொருவரும் இருப்பார். பிள்ளைகளிடையே உள்ள மொத்த வேறுபாட்டில் 15 சதவீதம் மையத்துக்கு மையம் உள்ள வேறுபாடு என்று கொண்டால், மையத்துக்கு 15 பேர் வீதம் 40 மையங்களில் 600 பேரைச் சோதிப்பது, தனித்தனியே பொறுக்கிய சுமார் 190 பேரைச் சோதிப்பதற்குத்தான் சமம். அப்படி 40க்கு 40 ஒப்பிட்டால், தொடக்கச் சோதனை இல்லாதபோது, 0.28 திட்ட விலக்கத்துக்குக் குறைந்த முன்னேற்றத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. 20க்கு 20 என்றால் 0.40. தொடக்கத்திலேயே எல்லோரையும் ஒருமுறை சோதித்திருந்தால் கொஞ்சம் கீழே இறங்கலாம். வீடுவீடாகப் பார்த்தபோது கிடைத்ததோ 0.13, 0.10.

அதனால் எங்கள் கருத்து இது. 320 மையங்களில் நிரூபித்ததை 20 மையங்களில் மறுபடி நிரூபிக்க முயலாதீர்கள். "பலன் இல்லை" என்று தவறான முடிவு வரும், நல்ல திட்டம் ஒன்று கைவிடப்படும். வட்டார அளவில் சோதிக்க வேண்டியது, மடித்த தாளில் எழுதிய சங்கிலியின் நடுப்படிகளை: ஆள் வந்தாரா, பாடம் நடந்த நேரம் உயர்ந்ததா, பிள்ளைகள் தங்கினார்களா. இவற்றில் மாற்றம் பெரிதாக இருக்கும், 20 மையத்திலேயே தெரிந்துவிடும். இவை நடந்தால் இறுதிப் பலனுக்குப் பெரிய ஆய்வை நம்பலாம். இவையே நடக்காவிட்டால் மதிப்பெண் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அளப்பது

நேரத்தை அளக்க முன்னறிவிப்பில்லாத வருகைதான் ஒரே வழி. 10 மணிக்குப் போய் இரண்டு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி அந்தக் கணத்தில் பணியாளர் என்ன செய்கிறார் என்று ஒரு குறி: பாடம் அல்லது விளையாட்டு, உணவு, பதிவேடு அல்லது செல்போன் பதிவு, வந்தவரோடு பேச்சு, மையத்தில் இல்லை. பன்னிரண்டு குறிகள் கிடைக்கும். கையில் செல்போன் இருந்தால் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள், பெரும்பாலும் ஆப்பில் ஏற்றிக்கொண்டிருப்பார். அதுவே ஒரு கண்டுபிடிப்பு. கூடவே தலை எண்ணுங்கள். பிறகுதான் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். முதலில் பதிவேட்டைக் கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள்.

பிள்ளைகளைச் சோதிப்பதென்றால் ஒவ்வொருவராக, வாய்மொழியாக, 10 முதல் 15 நிமிடம். பத்துப் புளியங்கொட்டையை எண்ணுவது, படம் பார்த்துச் சொல்வது, "பந்தை எடுத்து பாய் மேலே வை" போன்ற இரண்டு படிக் கட்டளை, வடிவம், நிறம். சிவப்பைக் காட்டினால் "ரெட்டு" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. அது சரியா தவறா என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே எல்லாச் சோதனையாளரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள் (சரி என்பதே சரி). அந்த மையத்து ஆளோ அதன் மேற்பார்வையாளரோ சோதிக்கக் கூடாது. எந்த மையம் திட்டத்தில் இருக்கிறது என்று சோதிப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. பெற்றோரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். பெயர்ப் பட்டியலைத் தனியாகவும், மதிப்பெண்களை எண் குறியீட்டோடு வேறாகவும் வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் படமோ எடைப் பட்டியலோ போகக் கூடாது.

முடிவைக் கெடுக்கும் பொறிகள் மூன்று.

ஒன்று, பருவம். மழைக்கால வயிற்றுப்போக்குக்குப் பின் எடை இறங்கும், பிறகு ஏறும். நவம்பரில் எடுத்ததை மார்ச்சோடு ஒப்பிட்டு வளர்ச்சி என்று சொல்ல முடியாது. அதே மாதத்தை அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, ஜூன். பள்ளி திறக்கும்போது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எல்.கே.ஜி.க்குப் போய்விடுவார்கள், புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். ஜூலையில் மையத்தில் இருப்பவர்களைச் சோதித்தால் அது வேறு கூட்டம். தொடக்கப் பட்டியலில் இருந்த பெயர்களையே தேடிப் போங்கள், வீட்டுக்கானாலும் சரி. இறுதிச் சோதனையை ஏப்ரலுக்குள் முடித்தால் பாதித் தொல்லை குறையும்.

மூன்றாவதுதான் நல்ல அதிகாரிகளையும் ஏமாற்றும். எடை மிகக் குறைந்த 100 பிள்ளைகளைப் பொறுக்கி மூன்று மாதம் சிறப்புக் கவனம் கொடுக்கிறோம். மறுபடி எடை பார்த்தால் பாதிப்பேர் பட்டியலிலிருந்து வெளியே வந்திருப்பார்கள். கைதட்டல். ஆனால் முதல் நாள் சிலருக்குக் காய்ச்சல் இருந்திருக்கும், சிலரின் எடையைத் தவறாக எழுதியிருப்பார்கள். மிகக் கீழே இருப்பவர்களை மட்டும் பொறுக்கினால் ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவில் ஒரு பகுதி தானாக மேலே வரும். இதைப் பிரித்தறிய இரண்டு வழி: பட்டியலில் சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம் விட்டு இரண்டு முறை அளந்து, இரண்டிலும் குறைவாக இருப்பவரை மட்டும் சேர்ப்பது, அல்லது, இன்னும் திட்டம் தொடங்காத மையங்களில் இதே அளவில் இருந்த பிள்ளைகள் அதே மூன்று மாதத்தில், வழக்கமான சிகிச்சையோடும் பரிந்துரையோடும், எவ்வளவு ஏறினார்கள் என்று பார்த்துக் கழிப்பது.

செலவும் கோப்பும்

செலவைப் பதிவில் உள்ள பிள்ளைகளால் வகுக்காதீர்கள், வருகிறவர்களால் வகுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: அரை நேர ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் 11 மாதம் 66,000, பயிற்சி 3,000, பொருட்கள் 2,000, மேற்பார்வைப் பயணம் 5,000. ஆக 76,000. பதிவில் 20 பேர் என்றால் ஆளுக்கு ஆண்டுக்கு 3,800. தலை எண்ணியபோது சராசரியாக 12 பேர் என்றால் 6,333. பயிற்சியும் மேற்பார்வையும் முன்மொழிவில் அடிக்கடி விடுபடும், இரண்டாம் ஆண்டில் திட்டம் தளர்வதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

மாநில நிதிநிலை அறிக்கை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். துறைகளின் முன்மொழிவுகள் அதற்குப் பல மாதம் முன்பே மேலே போய்விடும். ஏப்ரலில் முடியும் ஆய்வின் முடிவு, அதற்கடுத்த ஆண்டின் பணத்துக்குத்தான் பயன்படும் என்று முதல் நாளே திட்டமிடுங்கள். இடைக்கால எண்கள், அதாவது நேரமும் வருகையும், செப்டம்பருக்குள் கையில் இருந்தால் இந்த ஆண்டே பேசலாம். மேலே அனுப்பும் குறிப்பு ஒரு பக்கம் போதும்: கேள்வி, செய்தது, ஒப்பிட்டது, கிடைத்த எண், ஆளுக்குச் செலவு, எங்கே பலிக்கவில்லை. கடைசியில் உள்ளதை மறைத்தால் அடுத்த வட்டாரம் அதே குழியில் விழும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக, ஆறு மாதத்துக்குப் பிறகும் திட்ட மையங்களில் பாட நேரம் மற்ற மையங்களைவிட ஒன்றரை மடங்குகூட இல்லையென்றால் விரிவுபடுத்துவதை நிறுத்தி, சங்கிலியில் எந்தப் படி அறுந்தது என்று பார்ப்பது. முடிவு வந்தபின் அளவுகோலை எழுதினால் எல்லாத் திட்டமும் வெற்றிதான்.

அலுவலர் மாறுதலாகிப் போவார், அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மடித்த அந்தத் தாள், குலுக்கல் சீட்டு எடுத்த வரிசை, நீக்கிய மையங்களின் பட்டியலும் காரணமும், சோதனைக் கருவியும் "ரெட்டு" போன்ற முடிவுகளும், குறியீட்டு எண்களுக்கான பெயர்ப் பட்டியல் பூட்டி வைத்த இடம், நிறுத்தும் விதி ஆகியவை ஒரே கோப்பில், தேதியோடு, இரண்டு மேற்பார்வையாளர்களின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கணினியில் இருக்கிறது என்றால் யாருடைய கணினியில் என்றும் எழுதுங்கள்.